அறுபத்திரண்டாம் எண்ணின் ரத்தம்

பழத்தோட்டத்தில் மருந்தடிக்கும் டேங்கு ஒருமுறை தும்மியபோது, நாற்பதடி சுற்றளவில் இருந்த புழுக்கள் அத்தனையும் கிளைகளிலிருந்து உதிர்ந்தன. அன்று செவ்வாய்க்கிழமை. அவன் இன்னும் மருந்தே கலக்கியிருக்கவில்லை. பதினோரு வருடம் முதுகில் மருந்து டேங்கோடு திரிந்ததால் அவனுக்கு டேங்கு என்றே பெயர். அவன் தோல் வழியாக இறங்கிய மருந்து வெளியே போக மனமில்லாமல் உள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிட்டது என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவரவர் வரிசைக்குப் போய் மருந்தடித்தார்கள்.

தோட்டத்தின் பழைய கிடங்கில் மூன்று அறைகளைத் தடுத்து, பூச்சி மருந்து மனித உடம்பை என்ன செய்கிறது என்று டாக்டரம்மா ஒருவர் மூன்று வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தார். மருந்தடிக்கும் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் எண் கொடுத்து, மாதத்தின் முதல் திங்கட்கிழமை ரத்தம் எடுப்பார். நரம்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் நொதி ஒன்று ரத்தத்தில் உண்டு. மருந்து ஏற ஏற அது குறையும். பாதிக்குக் கீழே போனால் கை நடுங்கும். கால்வாசிக்குக் கீழே போனால் நுரை தள்ளும். அதற்கும் கீழே போனவர்களின் கோப்புகள் தனி அலமாரிக்குப் போயின. அந்த வருடம் மட்டும் ஒன்பது. அறுபத்திரண்டாம் எண்ணான டேங்கின் ரத்தத்தில் நொதி பூஜ்யம். "உயிருடன் இருப்பவரிடம் எடுத்து அனுப்பவும்" என்று நகரத்து ஆய்வுக்கூடம் மாதிரியைத் திருப்பி அனுப்பியது. டாக்டரம்மா மறுபடி எடுத்தார். மறுபடியும் பூஜ்யம்தான் வந்தது. அந்தத் தாளை அவர் மூன்று முறை படித்து முடிக்கும்வரை எதிர் பெஞ்சில் டேங்கு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

அவன் மனைவிக்கு அப்போது நான்கு மாதம். அவன் வேர்வையோ எச்சிலோ பட்டால் அவளும் வயிற்றுப் பிள்ளையும் பிழைக்க மாட்டார்கள் என்று டாக்டரம்மா சொன்னார். "மருந்து பக்கமே போகாம இருந்தா உடம்பு நொதிய கொஞ்சம் கொஞ்சமா திரும்ப செஞ்சுக்கும். மூணு நாலு மாசம் ஆகும்." டேங்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அப்புறம் புள்ளைய தூக்கலாம்ல?" தூக்கலாம் என்றார். அன்றே அவன் தோட்டத்து வீட்டிலிருந்து பின்பக்கத்துச் சாமான் கொட்டகைக்குக் குடிபோனான். மனைவி சாப்பாட்டுத் தட்டைக் கம்பால் தள்ளிவிட்டுப் பத்தடி தள்ளி உட்காருவாள். கல்யாணமான நாளிலிருந்து பேசாததையெல்லாம் அந்தப் பத்தடியில் இருவரும் பேசித் தீர்த்தார்கள்.

சேதி மேஸ்திரி காதுக்குப் போனது. அந்த மனுஷன் எதையும் வீணாக்காதவர். மருந்து டின்களைக் கிடங்கில் அடுக்கிவிட்டு, டேங்கை வெறும் உடம்போடு மர வரிசைகளுக்கு நடுவே நடக்கவிட்டார். வேர்வை போதவில்லை என்று ஓடவிட்டார். ஓட்டம் போதவில்லை என்று டிராக்டருக்குப் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கவிட்டார். கண்ணீர் விழுந்த மரத்தை அந்தப் பருவம் முழுக்க ஒரு பூச்சியும் அண்டவில்லை என்று தெரிந்ததும், அழவைப்பதற்கென்றே தனியாக அடித்தார்கள். முழங்காலிலும் உள்ளங்காலிலும், மழை நாள் நீங்கலாக, தினமும். அவன் குணமாகிவிடுவானோ என்ற பயத்தில் காலையில் இரண்டு பேர் தலையைப் பின்னால் இழுத்துப் பிடிக்க, மேஸ்திரி ஒரு மூடி மருந்தை வாயில் ஊற்றுவார். எழுதவே கை கூசுகிறது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும், மனைவிக்கோ எட்டாவது மாதம் என்பதால் டேங்கு விழுங்கினான். அந்த வருடம் பழம் நன்றாக விளைந்தது.

ஒருநாள் மேஸ்திரி வீசிய பெல்ட்டின் கொக்கி டேங்கின் கன்னத்தைக் கிழித்தது. ரத்தம் தெறித்து மேஸ்திரியின் உதட்டில் விழுந்தது. அவர் பழக்கதோஷத்தில் நாக்கால் துடைத்துக்கொண்டு பதினோரு அடி நடந்தார். பன்னிரண்டாவது அடிக்குக் கால் வரவில்லை. கிடங்கு அறைக்குத் தூக்கி வந்தபோது கண்மணிகள் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, கையும் காலும் தனித்தனியாகத் துள்ளின. டாக்டரம்மா மாற்று மருந்தை ஊசி மேல் ஊசியாக ஏற்றினார். "என்ன அவசரம் டாக்டரம்மா, நிதானமா போடுங்க" என்று வாசலில் நின்ற ஒருவன் சொன்னான். அவர் நிதானிக்கவில்லை, ஆனாலும் சாயங்காலத்துக்குள் மேஸ்திரி செத்துப்போனார். இறப்புப் படிவத்தில் விஷத்தின் பெயர் என்ற இடத்தில் டாக்டரம்மா 'அறுபத்திரண்டு' என்று எழுதினார். தோட்டத்து முதலாளி டேங்கை உள்ளே வைத்துக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். புதிதாக வந்த மேஸ்திரி நீளமான கம்பு வைத்துக்கொண்டு தள்ளி நின்று அடித்தார்.

கிடங்கு அறையில்தான் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடியிலிருந்து எடுத்த ரத்தத்தில் நொதி பூஜ்யம். குழந்தை நன்றாக அழுதது, நன்றாகப் பால் குடித்தது. டாக்டரம்மா தாயின் ரத்தத்தையும் எடுத்தார். அதுவும் பூஜ்யம். பதினோரு வருடம் அவன் சட்டையைத் தினமும் கையால் கசக்கித் துவைத்தவள் அவள். ஆய்வு மருந்தடிப்பவர்களைப் பற்றியது. துவைப்பவர்களுக்கு எண் இல்லை. அதனால் யாரும் அவள் கையில் ஊசி குத்தவில்லை.

"அப்போ அவரு என்னைத் தொட்டிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது."

"அஞ்சு மாசம் டாக்டரம்மா."

"தப்பு என்னோடதுதான்மா."

அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். டாக்டரம்மாவின் கன்னம் இரண்டு நாள் துடித்தது. அவர் தனக்குத்தானே மாற்று மருந்து ஊசி போட்டுக்கொண்டு, தோட்டத்தில் துணி துவைக்கும் பெண்களின் பட்டியலை எழுத உட்கார்ந்தார். பட்டியல் நீளமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். புது மேஸ்திரி கம்பை நீட்டி மறித்தார். அவள் உள்ளங்கையில் எச்சில் துப்பி, அந்தக் கையை நீட்டிக்கொண்டே கிட்டப் போனாள். அவர் கம்பைப் போட்டுவிட்டு ஓடினார். சுவரோரம் கிடந்த கடப்பாரையால் அவள் நாலு போட்டதில் பூட்டு தெறித்தது. டேங்கு மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, "கிட்ட வராத, புள்ளைக்கு ஆகாது" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அந்தக் கைகளைப் பிரித்துக் குழந்தையை வைத்தாள். வீங்கிப்போன விரல்களால் அவன் பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடித்தான். அவன் கண்ணீர் நெற்றியிலும் வாயிலும் விழுந்தது. குழந்தை அதைச் சப்பிவிட்டுத் தூங்கியது. மூவரும் வெளியே நடந்தபோது யாரும் தடுக்கவில்லை. வழியில் நின்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்து, மூக்கு அப்பனுடையது, முழி மட்டும் அம்மாவுடையது என்று பேசிக்கொண்டார்கள்.