ஹனூருக்குப் போன கொடி

பத்மாஸினி அம்மாளுக்குப் பல வருடமாக இருந்த இடுப்புவலி, தொண்ணூற்றொன்றாம் வருடம் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, காலைக் காப்பிக்குக் கொஞ்சம் பின்னால், அவரை விட்டுக் கிளம்பிப் பூவாத்தாளிடம் வந்து சேர்ந்தது. பூவாத்தாள் அப்போது மைசூர் அக்ரஹாரத்தில் அந்த வீட்டின் பின்கட்டில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தாள். நனைந்த போர்வையை முறுக்கப் போனவள் அப்படியே துவைகல்லின்மேல் கவிழ்ந்தாள். கடப்பாரையால் பின்னாலிருந்து யாரோ போட்டது போல இருந்ததாம். சித்தாளாகச் செங்கல் சுமந்தவள், வலி அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இது தான் சம்பாதித்த வலி இல்லை என்று உடனே தெரிந்துவிட்டது. உட்கார்ந்தே இருந்த உடம்பின் வலி அது, மெத்தை கேட்டது. அதே நேரத்தில் தோட்டத்தில் பத்மாஸினி அம்மாள், பாதி கடித்த ஸ்ட்ராபெரிப் பழத்தோடு நிமிர்ந்து நின்று, கை இரண்டையும் தலைக்குமேல் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாற்றுகளை அதற்கு முந்திய தசரா மலர்க் கண்காட்சியிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவர் அவருடைய கணவர் நம்பி, அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சு செய்தே ஓய்வுபெற்றவர். சீமைப் பழம் பெருமாளுக்குக் கண்டருளப்பண்ணக் கூடாதது, அவருக்குக் காட்டாததை அந்த வீட்டில் வாயில் வைக்க மாட்டார்கள். ஆனால் மருந்துக்கு ஆசாரம் கிடையாது. ஆகவே ஸ்ட்ராபெரி மருந்து என்று பத்மாஸினி அம்மாள் முடிவு செய்தார். சமையல் நடக்கிற தளிகை அறைப் பக்கம் கொண்டுபோகாமல், தோட்டத்திலேயே செருப்போடு நின்று தின்பது என்று ஏற்பாடாயிற்று. நடுகிற வேலை பூவாத்தாளுடையது. நகத்தில் மண் ஏறினால் பெருமாளுக்குப் பூத்தொடுக்க ஆகாது என்பதால் பத்மாஸினி அம்மாள் தள்ளி நின்று சொல்ல, பூவாத்தாள் பாத்தி கட்டினாள், குருத்து மண்ணில் புதையாமல் ஒவ்வொரு நாற்றாக ஊன்றினாள், பழம் தரையில் பட்டு அழுகாமலிருக்க வைக்கோல் பரப்பினாள். ஹனூர்க்காரி. புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்தபின் மகள் சக்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அந்த வீட்டின் பின்புறத்துத் தகரக் கொட்டகையில் ஒண்டியவள்.

ஒரே மாதத்தில் விஷயம் எல்லாருக்கும் பிடிபட்டது. பழத்தைத் தின்றவரின் வலி, அந்தச் செடியை எந்தக் கை நட்டதோ அந்தக் கைக்காரரிடம் போய்விடும். போனது தானாகத் திரும்பாது. நம்பி தின்றார், தட்டச்சு தட்டி வீங்கியிருந்த அவருடைய விரல்முட்டுகள் இளகின, பூவாத்தாளின் விரல்கள் மடங்க மறுத்தன. எதிர்வீட்டு முரளிதரன் ஸ்கூட்டரை நிறுத்திய கையோடு வந்து தின்றார், அவருடைய கடைவாய்ப் பல்லின் குடைச்சல் போயிற்று. பிறகு வருடாவருடம் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை அக்ரஹாரமே வந்து போயிற்று. குதிகால், தோள்பட்டை, கழுத்து, பிரசவத்தில் பிடித்து விடாத முதுகு. யாரும் கெட்டவர்கள் இல்லை. போகும்போது பூவாத்தாளிடம் ஒரு தைலப் புட்டியோ பழைய புடவையோ கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். பத்மாஸினி அம்மாள் தினமும் காலையில் பின்கட்டுக்கு வந்து, ஊரில் விட்டுவந்த குழந்தையைப் பற்றி விசாரிப்பது போல விசாரிப்பார்.

"என் இடுப்பு இன்னிக்கு எப்படி இருக்கு, பூவாத்தா?"

"உங்க இடுப்பு சவுக்கியமா இருக்குதுங்கம்மா. என்ற இடுப்புதான் எங்க போச்சுன்னு தெரியல."

பத்மாஸினி அம்மாள் சிரிப்பார். உனக்கு வாய் ஜாஸ்தி என்பார். சிரித்தால் இடுப்பு வலிக்காமலிருப்பது அவருக்கு அப்போது புதிது.

மூன்றாவது பங்குனியில் பழம் வேலை செய்யாமல் போயிற்று. பத்மாஸினி அம்மாளுக்கு ஒற்றைத் தலைவலி வர ஆரம்பித்திருந்தது. ஒன்று தின்றார், கிண்ணம் நிறையத் தின்றார், வலி இருந்த இடத்திலேயே இருந்தது. பழமும் சிறுத்து, நுனி கோணி, புளித்தது. நம்பிதான் காரணம் கண்டுபிடித்தார். செடியும் கிழடு, பூவாத்தாளும் நிரம்பிவிட்டாள், இனி ஒரு வலி வைக்க அவளிடம் இடமில்லை. புதுச் செடி வேண்டும், புதுக் கை வேண்டும். தேவராஜ மொஹல்லாவில் மூட்டை தூக்கும் ஜடையனைக் கூட்டிவந்து ஒரு வரிசை நடவைத்தார்கள். மழைக் காலத்தில் ஸ்ட்ராபெரி தரையோடு நீளமாகக் கொடி விடும், கொடியின் நுனியில் ஒரு கன்று இருக்கும், அதை வெட்டி ஊன்றினால் அடுத்த செடி. அப்படி ஜடையன் ஊன்றிய கன்றில் முதல் பழம் பழுத்ததும் கோவில் வீதி வாத்தியார் ஒருவர் முந்திக்கொண்டார். அவருடைய தொடைநரம்பு மார்க்கெட் வாசலில் வெங்காய மூட்டையோடு நின்ற ஜடையனைப் பிடித்தது. மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து அந்த வரிசையைப் பிடுங்கி எறிந்தான். "மூட்டைக்கு வாடகை விடற முதுகு சாமி இது. உங்களுக்கும் சேத்து விட முடியாது," என்று நம்பியிடம் சொல்லிவிட்டுப் போனான். புதிதாக எதுவும் அவனுக்கு வரவில்லை, வாத்தியாரின் நரம்பு மட்டும் அவனோடு தங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பத்மாஸினி அம்மாள் சக்தியைக் கேட்டார். அதட்டிக் கேட்கவில்லை. கொட்டகை வாசலில் நின்று, வெற்றிலை பாக்கு கேட்கிற குரலில் கேட்டார். "தாய்ச்செடி மூணு வருஷம்தான் தாங்கும்னு கண்காட்சியிலேயே சொல்லிக் குடுத்தா. ஓஞ்சதை எடுத்துட்டுக் கன்னை நடணும். உன்னைக் குத்தம் சொல்லலே, நீ நிறைஞ்சுட்டே, அவ்வளவுதான். சக்தி ஒரு வரிசை ஊணட்டும். எளசு, தாங்குவா." கொட்டகை தன்னுடையது என்பதை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டியிருக்கவில்லை.

சக்திக்கு அப்போது பதினேழு. பத்தாவது முடித்துத் தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவிடம் பாதி கன்னடத்தில்தான் பேசுவாள். அவள் உடம்பில் அதுவரை ஒரு வலியும் இல்லை, பூவாத்தாள் சேர்த்துவைத்த சொத்து அது ஒன்றுதான். பாத்திப் பக்கம் மகளின் நிழல் விழுந்தாலே கத்துவாள். ஆடி கழியட்டும்மா என்று பத்மாஸினி அம்மாளிடம் தவணை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடிகாலை முதல் பஸ்ஸில் சக்தியை ஹனூருக்கு, தன் அண்ணன் கெம்பையன் வீட்டுக்கு ஏற்றிவிட்டாள். "மண்ணுல கை வெக்காதே கண்ணு. என்ன மொளச்சாலும் தொடாதே," என்றாள். சக்தி கோபத்தில் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தையல் வகுப்பு போன கோபம்.

அந்த மழையில் பாத்தியிலிருந்து ஒரு கொடி மட்டும் கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்தது. சைக்கிள் கம்பிப் பருமன் இருக்கும், கொஞ்சம் சிவப்பு. பஸ் போன வழியே போயிற்று. நரசீபுரத்துப் பாலத்தை ஓரமாகக் கடந்தது, கொள்ளேகால் சந்தையில் ஆள் நடமாட்டம் குறையக் காத்திருந்து தாண்டியது. லாரி ஏறினால் நசுங்கும், காலையில் நிமிர்ந்துகொள்ளும். ஆடுகள் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தன. அது எங்கே போகிறது என்று பூவாத்தாளுக்கு முதல் நாளே தெரியும். அரிவாளை எடுத்துக்கொண்டு கேட்டடியில் உட்கார்ந்தாள். பிடியைப் பிடிக்கத்தான் முடியவில்லை, விரல் எல்லாவற்றிலும் நம்பி இருந்தார். குனிந்து பல்லால் கடித்தாள். பல்லில் முரளிதரன் இருந்தார். கொடி தாண்டிப் போனது. அவ்வளவு நேரமும் பத்மாஸினி அம்மாள் மாடிச் சன்னலிலிருந்து, மழையில் நனையாதே பூவாத்தா, உடம்புக்கு ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஒருநாள் கொடி ஹனூரில் கெம்பையனின் சோளக்காட்டு வரப்புக்கு வந்து நின்றது. நுனியில் ஒரு கன்று, அதில் ஒரு பழம்கூட இருந்தது. வேர் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே கிடந்து வெயிலில் சுருண்டுகொண்டிருந்தது. சக்தி தண்ணீர்க் குடத்தோடு அந்த வழியாக வந்தாள். நாற்று வேர் காயக் கிடந்தால் அதைத் தாண்டிப் போகக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் குழந்தைக்குச் சோறு தின்னப் பழக்கும்போதே பழக்குகிற விஷயம். குடத்தை இறக்கினாள், குழி பறித்தாள், வேரை விட்டு மண்ணை அணைத்து, இரண்டு கை தண்ணீரும் ஊற்றினாள். இவ்வளவையும் கை செய்து முடித்த பிறகுதான் அம்மா சொன்னது தலைக்கு எட்டியது. பிடுங்கக் குனிந்தாள். அந்த நிமிடம் அக்ரஹாரத்தில் பத்மாஸினி அம்மாள் வழக்கம்போல ஒரு பழத்தைக் கடித்தார். நிரம்பிய பூவாத்தாளைத் தாண்டி, கொடி வழியாக, ஒற்றைத் தலைவலி ஹனூருக்கு வந்தது. சக்திக்குக் கண் இருண்டது. கெம்பையனின் மனைவி மாதேவி ஓடிவந்து, பித்தமாக இருக்கும் என்று அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கையோடு செடியில் தொங்கிய பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டாள். மாதேவியின் முழங்கால் நோவு அத்தோடு போயிற்று.

அன்றைக்கே கெம்பையன் செடியைச் சுற்றி முள்வேலி போட்டான். தெருவுக்குத் தெரிந்து, ஊருக்குத் தெரிந்தது. பிடுங்கிவிடு மாமா என்று சக்தி கேட்டபோது மாதேவிதான் பதில் சொன்னாள். "உங்க மாமனுக்குத் தோள் வலி நின்னு எத்தன நாளாச்சு தெரியுமா கண்ணு? நீ எளசு. தாங்குவே."

பூவாத்தாள் ஹனூர்ச் செய்தியைத் தெரிந்துகொண்டது தன் உடம்பை வைத்துத்தான். பத்மாஸினி அம்மாள் தலைவலி போயிடுத்து என்று பாடாத குறையாகப் பின்கட்டுக்கு வந்தார். பூவாத்தாள் அந்தத் தலைவலி தன்னிடம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. துவைகல்லில் துணியை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

ஹனூரில் சக்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பூவாத்தாள் வேலியைப் பிரிக்கப் போனாள், முள்ளைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை, கெம்பையன் அவளை விலக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. நீயும் ஒண்ணு தின்னு, ஊரே தின்னுது என்று மாதேவி களியோடு ஒரு பழம் வைத்தாள். பூவாத்தாள் தட்டைக் கவிழ்த்தாள். தின்றால் அக்ரஹாரம் மொத்தமும் மகளுக்குப் போய்விடும். எதில் கலந்து வைப்பார்களோ என்று அந்த வீட்டில் அதற்குப் பிறகு தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. வேலிக்கு வெளியே உட்கார்ந்து, பறிக்க வந்தவர்களை வாயால் மட்டும் விரட்டினாள். அவர்கள் கேட்டுக்கொண்டே பறித்தார்கள். ஒரு மத்தியானம் பசி மயக்கத்தில் சாய்ந்து வாய் திறந்து கிடந்தாள். சக்தி தவழ்ந்து வந்து, ஒரு பழத்தை நசுக்கி அந்த வாய்க்குள் விட்டு, தொண்டையைத் தடவிவிட்டாள்.

பூவாத்தாள் கண் விழித்தபோது எங்கும் வலிக்கவில்லை. வலிக்கவில்லை என்பதாலேயே புரிந்துவிட்டது. மகளை ஓங்கி அறைந்தாள், அறைந்த கையில் விரல்கள் நன்றாக மடங்கின.

"அடிச்சது போதும்மா," என்றாள் சக்தி. அவள் குரல் அறுபது வயதுக் குரலாக ஆகியிருந்தது. "உனக்குக் கை வந்தாத்தான் அதைப் பிடுங்க முடியும். பேக, சீக்கிரம் பிடுங்கு."

பூவாத்தாள் வேலியை உதைத்துத் தள்ளினாள். தடுக்க வந்த அண்ணனை இடுப்போடு தூக்கி வரப்பில் போட்டாள். வேரோடு பிடுங்கினாள். இனி வருவது நின்றது, வந்தது அத்தனையும் சக்தியிடமே நின்றது. அவளைத் தூக்கிக்கொண்டுபோய் பஸ்ஸில் கடைசிச் சீட்டில் கிடத்தி, வழி முழுக்கக் கொடியைச் சன்னல் வழியாக இழுத்துச் சுருட்டிக்கொண்டே வந்தாள். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். அக்ரஹாரத்தில் கடைசி முழத்தை இழுத்தபோது பாத்தியே பாய் மாதிரி பெயர்ந்து தெருவுக்கு வந்துவிட்டது. கொடியில் கையே படாமல் தொங்கிய ஒரு கன்றை மட்டும் இலையில் ஏந்தி ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இறக்கினாள். பத்மாஸினி அம்மாள் கேட்டுக்கு வந்தார்.

"இத உங்க கையால நடுங்கம்மா," என்றாள் பூவாத்தாள். "காய்க்கிற பழத்த என்ற புள்ள திங்கட்டும்."

பத்மாஸினி அம்மாள் மாட்டேன் என்று சொல்லவில்லை. சிரட்டையைப் பார்த்தார், தன் நகங்களைப் பார்த்தார். "இன்னிக்கு துவாதசி. இன்னொரு நாள் பார்க்கலாம், வா," என்றார்.

அதற்கு அடுத்து அமாவாசை வந்தது. பிறகு பத்மாஸினி அம்மாளின் மகள் ஸஞ்சனாவின் பிரசவம், ஆடி, நம்பிக்குக் கண் ஆபரேஷன், என் பாத்தியைக் கெடுத்தவள்தானே என்கிற வருத்தம். பூவாத்தாள் பக்கத்துத் தெருவில் ஒரு கொட்டகை பிடித்து, மறுபடி செங்கல் சுமக்கப் போகிறாள். தானே நட்டு வலியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால், அம்மா கை நட்டதைத் தின்ன மாட்டேன் என்று சக்தி வாயை மூடிக்கொள்கிறாள். போகிற வழியில் தினமும் சிரட்டையோடு அந்தக் கேட்டில் கொஞ்ச நேரம் நிற்பாள். மூன்று வருடத்தில் சிரட்டைச் செடி ஓய்ந்துபோயிற்று. ஓய்வதற்கு முன் அதுவாகவே ஒரு கொடி விட்டு, பக்கத்தில் வைத்திருந்த அடுத்த சிரட்டையில் யார் கையும் படாமல் வேர்விட்டது. தாயைத் தூக்கி எறிந்துவிட்டுப் பூவாத்தாள் இப்போது கன்றைக் கொண்டுவருகிறாள். தெருவுக்குப் பழகிவிட்டது. ஸ்கூட்டர்கள் அவளைச் சுற்றி வளைந்து போகின்றன, வெயில் நாளில் முரளிதரன் அந்தச் சிரட்டைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவதுகூட உண்டு. சக்தி கொட்டகையில் படுத்திருக்கிறாள், இருபத்துமூன்று வயது. பத்மாஸினி அம்மாள் தினமும் நிமிர்ந்து நடந்து கோவிலுக்குப் போய்வருகிறார். அவர் ஒரு கன்று நட வேண்டும். அது இன்னும் பாக்கி.