வானத்திலிருந்து போட்ட தையல்

"என்ர முழங்காலை வானத்தில பறந்துகொண்டு தைச்சவர் எங்கட டொக்டர். எட்டுத் தையல்! எட்டாவது போடேக்க எனக்குக் கையும் காட்டினவர்."

வோபர்ன் கிளினிக்கின் காத்திருப்பு அறையே அதிரச் சிவபாதம் முழங்கினார். கவுண்டரில் இருந்த கிளடிஸ் தலை நிமிரவில்லை.

"பூச்சுத்திறதுக்கு வேற காது பாருங்கோ, அங்கிள்."

அவள் நம்பாததில் குற்றமில்லை. பேக்கரியில் இருபத்தெட்டு வருடம் பாண் சுட்டு ஓய்வுபெற்ற சிவபாதம், ஒன்ராறியோ ஏரியில் தான் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர இரண்டு வான் வண்டி பிடித்ததாக இதே கதிரையில் இருந்து சொன்னவர். ஆனால் இன்று அவர் கையில் இருந்தது மீன் கதையல்ல, பதிவுத் தபால்.

ஜூன் மாதம் தக்காளிக்கு நட்ட கம்பி அவர் முழங்காலைக் கிழித்துவிட்டது. சனிக்கிழமை கிளினிக்கில் தைத்தது அட்சயா என்ற பயிற்சி டொக்டர். பயிற்சி டொக்டர் தைக்கலாம். பெரிய டொக்டர் கூடவே நின்று மேற்பார்த்தால், அதற்குத் தன் பெயரில் அரசாங்கத்திடம் காசும் கேட்கலாம். பெரிய டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசா கேட்டிருந்தார். டொக்டர் நின்றாரா என்று சரிபார்க்கச் சுகாதார அமைச்சு சிவபாதத்துக்கு ஒரு கடிதம் போட, அவர் 'இல்லை' என்று பூசணிக்காய் அளவு எழுத்தில் எழுதி அனுப்பினார்.

பதிலுக்குக் கிளினிக் தபால் அனுப்பியது: சொன்ன பொய்யைத் திரும்பப் பெறாவிட்டால் நோயாளர் பட்டியலிலிருந்து நீக்கம். ஆறு வருடம் காத்திருந்து கிடைத்த குடும்ப டொக்டர். அடுத்தவர் கிடைப்பதற்குள் சிவபாதத்தின் பேரனுக்குப் பேரன் பென்சன் எடுத்துவிடுவான்.

கிளடிஸ் ஒரு தாளை இழுத்தாள். "டொக்டர் இஞ்ச நிண்டவர் எண்டு இதில நான் சைன் வைச்சா, உங்கட ஃபைல் இண்டைக்கே குளோஸ். ஜூன் பதினாலு, பத்து நாப்பது. டொக்டர் தன்ர கையால எழுதினது. திங்கக்கிழமை அதைப் பாத்து அமைச்சுக்கு அடிச்சு அனுப்பினது நான். என்னைக் கள்ளி எண்டிறியளோ?"

"சனிக்கிழமை நீ இஞ்ச நிண்டனியோ?"

"எனக்குச் சனிக்கிழமை லீவு."

"உன்ர வாய்க்கும் ஒருநாள் லீவு குடு, பிள்ளை. தைச்ச பிள்ளையே ஜன்னலைக் காட்டி, அந்தா மேல போறார் சேர் எண்டவள்."

"மேலயோ? அவர் என்ன ஆவியோ? வயசுபோன காலத்தில வெக்கமில்லை!"

அவள் பேனையைத் திறந்தாள். கத்திய கத்தில் தொண்டை வறண்டிருக்க வேண்டும். கோப்பையைத் தூக்கித் தேத்தண்ணீரில் ஒரு மிடறு குடித்தாள். கோப்பையில் தன் பக்கம் தெரிந்த எழுத்தைப் பார்த்த சிவபாதத்தின் முகத்தில் ஆயிரம் வாட் பல்ப் எரிந்தது.

"உந்தக் கப் ஆர் தந்தது?"

"டொக்டரின்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில வந்த சனத்துக்கெல்லாம் குடுத்தது. உங்களுக்கேன்?"

"மற்றப் பக்கம் திருப்பு."

திருப்பினாள். பட்டுச்சேலையில் சிறுமியின் படம். அதன் கீழே பொன்னெழுத்தில்: ஜூன் 14, சனிக்கிழமை, காலை 10.30. ஜூனில் சனிக்குச் சனி ஒரு விழா, விழாவுக்கு ஒரு கோப்பை; இரண்டு மாதம் அதில் குடித்தவள் அந்த வரியை ஒருநாளும் வாசித்ததில்லை.

கிளடிஸ் மெல்லப் பேனையை மூடி, கையெழுத்து வைக்காத தாளை இரண்டாகக் கிழித்தாள். கிழித்த கண்ணாலேயே சிவபாதத்தையும் கிழித்தாள்.

"நீயும் போனனிதானே," என்றார் சிவபாதம், தேன் ஒழுக. "அவர் எப்பிடி வந்து இறங்கினவர்? சனம் கேக்கட்டும், சொல்லு."

"மகளோட ஹெலிகொப்டரில," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்ர சாறி முழுக்கத் தூசி."

"கை காட்டினவரோ?"

"ஓம்," என்றாள் கிளடிஸ். "காட்டினவர்."