ஒரு மணி நேரம் ஓட வேண்டும்

டப்பென்று அணைந்தது. கம்ப்யூட்டர் திரையில் இருந்த சீட்டுக்கட்டு ஆட்டம் ஒரு வெள்ளைப் புள்ளியாகச் சுருங்கி மறைந்தது. சீதாலெட்சுமி சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"எவ்வளவு?" என்று அறைக்குள்ளிருந்து கணவரின் குரல் வந்தது.

"ஒம்போது நிமிஷங்க."

"நேத்து?"

"நேத்தும் அதேதான்."

"மேஜ வெளக்கு?"

"அது எரியுது. ரெண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன்லதான் சொருகியிருக்கு."

"அப்ப வீட்டுக் கரண்ட்டு மேல தப்பு இல்ல. அத அடிச்சுடு."

சீதாலெட்சுமி காகிதத்தில் 'வீட்டுக் கரண்ட்' என்பதன் மேல் பென்சிலால் கோடு போட்டாள். ஏற்கெனவே 'சவுண்ட் கார்டு', 'மோடம்' இரண்டும் அடிபட்டிருந்தன. நேற்று முழுக்க அவர் படுக்கையிலிருந்து சொல்லச் சொல்ல அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றியவள் அவள்தான். ஐம்பத்தைந்து வயதில் கையில் திருப்புளி பிடிப்பாள் என்று யாராவது ஜோசியம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளைத் தனியாக அழைத்துப் பேசினார். ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி நாள் கணக்குதான், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார். வந்து கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, "என்ன ஆசையா இருக்குங்க?" என்று கேட்டாள். மற்ற வீட்டு ஆண்கள் இறால் குழம்பு கேட்டிருப்பார்கள். சின்னையா, "அந்தக் கம்ப்யூட்டரு ஏன் ஆஃப் ஆவுதுன்னு தெரியணும்" என்றார்.

அவர் முப்பத்திரண்டு வருடம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவர். அவர் முறுக்கிய கம்பி ஒன்றும் அவிழ்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, இந்த வருடம் ஏப்ரலில், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த இம்பி பிளாசாவுக்குப் பஸ்ஸில் போய்ப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்து, சாப்பாட்டு மேஜையிலேயே இந்தக் கம்ப்யூட்டரைக் கட்டினார். கட்டி முடிக்கும்வரை இரண்டு வாரம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. "இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தி" என்று சீதாலெட்சுமி பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். பெருமையும் கொஞ்சம் இருந்தது.

ஐந்து மாதம் ஒழுங்காக ஓடிய சக்களத்தி அக்டோபரில் மக்கர் பண்ணத் தொடங்கினாள். அப்போது காட்டுத்தீயால் ஊரெல்லாம் புகைமூட்டம். தூசு போயிருக்கும் என்று அவர் மூன்று தடவை பெட்டியைத் திறந்து பிரஷ்ஷால் துடைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. அவளுடைய தம்பி ராதாகிருஷ்ணன் ஒருநாள் வந்து, "கடையில ரெடிமேடா வாங்கியிருக்கலாம்லா மச்சான். கைவேலன்னா இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று அவர் தம் விரல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டு, "என் கை போச்சு சீதா" என்றார். நோய்க்குக்கூட அவர் அப்படி முகம் சுருங்கவில்லை. அது அவளுக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் திருப்புளியைக் கையில் எடுத்தாள்.

"இப்ப ஆறவிடாம ஒடனே திரும்ப ஆன் பண்ணு" என்றார் அறையிலிருந்து.

போட்டாள். மூன்று நிமிடத்தில் அணைந்தது. மறுபடி போட்டாள். ஒன்றரை நிமிடம்.

"கொறையுதுங்க! ஒம்போது, மூணு, ஒன்றர!"

அறையில் அவர் யோசிக்கிறார். ஆனால் சீதாலெட்சுமிக்கு அதற்குள் ஏதோ பிடிபட்டுவிட்டது.

"சூடுங்க! சுடுதண்ணி ஆறுறதுக்கு முன்ன மறுபடி அடுப்பப் பத்த வச்சா சீக்கிரம் கொதிக்கும்ல, அந்த மாதிரி. உள்ள எதுவோ காயுது, தாங்க முடியாம நின்னுக்குது!"

"சீதா..." என்றார் சின்னையா. "நீயும் சிக்னலுக்கு வேலைக்கி வந்திருக்கணும்."

அவளுக்கு முகம் சிவந்தது. பதினொரு மணி மருந்து நினைவுக்கு வந்து ஓடிப்போய்க் கொடுத்தாள். பாதி கடைவாயில் வழிந்தது. துடைத்துவிட்டாள். அவர் கண் மஞ்சளுக்கு நடுவே பளபளத்தது.

"பின்னால கரண்ட்டுப் பொட்டியில ஒரு ஃபேன் இருக்கும். காத்து வெளிய வருதா பாரு."

"ஃபேன் சத்தம் கேக்குதுங்க."

"அது உள்ள இருக்கிற சின்ன ஃபேன். நான் கேக்கறது பின்னால. கைய வச்சுப் பாரு."

கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுப் பின்புறம் கை வைத்தாள். சுட்டது. காற்று வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. மேலே ஓடும் மின்விசிறியின் காற்றே குழப்பியது. அதை நிறுத்தினாள். சட்டென்று சாமிமேடைக்குப் போய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வந்து, பெட்டியின் பின்னால் கம்பி வலைக்கு அருகே நீட்டினாள். புகை நேராக, ஆடாமல் அசையாமல் மேலே போனது.

"நேரா மேல போவுதுங்க!"

"வெளிய தள்ளல?"

"தள்ளவே இல்ல!"

"ஃபேன்!" என்று கத்தினார். ஒரு மாதமாக அந்த வீட்டில் கேட்காத குரல் அது. "ஃபேன்தான் சீதா! புடிச்சுட்ட! பிளக்கப் புடுங்கு. பதினஞ்சு நிமிஷம் தொடாத, உள்ள கரண்ட்டு தேங்கி நிக்கும். கரண்ட்டுப் பொட்டியத் தொறக்காத. டார்ச் அடிச்சு வெளியிலேருந்து பாரு."

பதினைந்து நிமிடம் அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பினாங்கிலிருந்து மகள் சந்திரகலா சாயங்காலம் வந்துவிடுவாள், சோறு வைக்க வேண்டும். அரிசியைக் களைந்து அப்படியே வைத்துவிட்டு வந்து டார்ச்சை அடித்தாள்.

ஃபேனின் நடு அச்சில் என்னமோ சுற்றியிருந்தது. தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, வலைக்குள் விட்டு, மெல்ல மெல்ல நிமிண்டி இழுத்தாள். ஒரு சாண் நீளத்துக்கு நூல் வந்தது. அதன் முடிச்சில் மல்லிகை ஒன்று, கருகிப்போய்.

சீதாலெட்சுமி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆயுத பூஜை அன்று கத்தரிக்கோல், தையல் மிஷின், அவருடைய குறடுகள் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாள். கம்ப்யூட்டருக்கு மட்டும் வைக்காமல் விடுவதா என்று ஒரு முழம் பூ. முன்னால் போட்டால் திட்டுவார் என்று பின்பக்கத்துக் கம்பி வலையில் கோத்து முடிந்து வைத்தாள். மறுநாள் அவர் பார்க்காமலேயே போட்டு ஓட்டியிருக்கிறார். அதற்கடுத்த நாள் அவள் இழுத்தபோது பாதி வந்தது, பாதி வரவில்லை. அறுந்துவிட்டது என்று வந்ததைக் குப்பையில் போட்டாள்.

மூன்று வாரம். என் கை போச்சு, என் கை போச்சு என்று அந்த மனுஷன் தம் விரல்களையே பார்த்துக்கொண்டு கிடந்த மூன்று வாரம்.

பூச்சி கூடு கட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் நூலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"என்னாங்க, நான்தான்" என்றாள். "பூச போட்ட அன்னிக்கி நான் கட்டுன பூ. நூலு உள்ள மாட்டிக்கிச்சு."

அவர் நூலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப வயரிங்ல தப்பு இல்ல?"

"இல்லீங்க."

"நான் கட்டுனதுல ஒண்ணும் தப்பு இல்ல?"

"ஒண்ணும் இல்லீங்க. பாவி, நான்தான்..."

"அட போ சீதா!" அவர் சிரித்தார். வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலும் சிரித்தார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "சாமிக்கிப் பூ போட்டா ஆசாமி படுத்துக்கிச்சு! ராதாகிட்ட சொல்லு. கைவேலன்னா என்னன்னு சொல்லு அவன்கிட்ட!"

"வரட்டும், சொல்றேன்."

"ஆனா டெஸ்ட் பண்ணாம முடிஞ்சிருச்சுன்னு சொல்லக்கூடாது. சிக்னல்ல ஒரு ரிப்பேர் முடிஞ்சா ஒரு மணி நேரம் பக்கத்துலேயே உக்காந்து பாப்போம். அதுக்கப்பறம்தான் கையெழுத்து. நீ போயி உக்காரு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருவாட்டி சத்தமா சொல்லு. நான் 'எழுதிக்க'ன்னு சொன்னதும் எழுது."

அவள் தலையணையைச் சரிசெய்து, முகத்தைத் துடைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். பிளக்கைச் சொருகிப் பொத்தானை அழுத்தினாள். மணி பன்னிரண்டரை. பின்புறம் கையை நீட்டினாள். காற்று விர்ரென்று உள்ளங்கையில் அடித்தது.

"அஞ்சு!"

"எழுதிக்க."

"பத்து! ஒம்போதத் தாண்டிருச்சுங்க!"

"எழுதிக்க, எழுதிக்க."

இருபது ஆனது. முப்பது ஆனது. கீழே ரோட்டில் ஐஸ்கிரீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சீதாலெட்சுமி எழவே இல்லை. பரீட்சை எழுதும் பிள்ளைபோலப் பென்சிலை இறுகப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு வேலை பார்த்தது இதுதான் முதல் தடவை என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, தாங்க முடியாத சந்தோஷமாகவும் இருந்தது.

"நாப்பத்தஞ்சு!"

"எழுதிக்க."

"அம்பது!"

கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிக்க" என்றார்.

"அம்பத்தஞ்சு!"

கண் அசந்துவிட்டார்போலிருக்கிறது. தூங்கட்டும். எழுதிக்கொண்டாள்.

முள் ஒன்றரையைத் தொட்டதும் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கு ஓடினாள். "என்னாங்க! ஒரு மணி நேரம்! முழுசா ஒரு மணி நேரம்!"

அவர் முகம் கதவுப் பக்கம் திரும்பியிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவள் குனிந்து மூக்கருகே கை வைத்தாள். சற்றுமுன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் பிடித்த அதே கை. காற்று வரவில்லை.

சந்தோஷம் இன்னும் அவள் முகத்தை விட்டுப் போகவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் போன் பண்ணிய பத்து நிமிடத்தில் ராதாகிருஷ்ணன் ஓடி வந்தான். மச்சான் காலைத் தொட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்கை ஏற்றித் தலைமாட்டில் வைத்தான்.

"எத்தன மணிக்குக்கா?"

"அம்பதுக்கு 'எழுதிக்க'ன்னாரு. அம்பத்தஞ்சுக்கு சொல்லல."

அவன் விளங்காமல் பார்த்தான்.

"கைவேலையில ஒரு தப்பும் இல்லடா" என்றாள். "நல்லாத்தான் கட்டியிருக்காரு."

அவன் தலையாட்டினான். அக்காவுக்கு அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டான். போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிடத் தொடங்கினான். நடுவில் கம்ப்யூட்டரைக் காட்டி, "ஆளுங்க வருவாங்கக்கா, இத ஆஃப் பண்ணிடவா?" என்றான்.

"இருக்கட்டும்."

முக்காலியில் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எம்பது" என்றாள், அறைப் பக்கம் திரும்பி.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுதிக்கொண்டாள்.