ஞாயிற்றுக்கிழமை மட்டும் யோசிப்பவர்

என் வீட்டுக்காரர் ஹேமநாதன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் யோசிப்பார். மற்ற நாள்களில் அந்தப் பழக்கம் கிடையாது.

எங்கள் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தவரை, எனக்குப் பள்ளி இல்லாத நாளில் அவருக்குச் சிங்கப்பூரில் வேலை. அவர் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை, ஆசிரியை நான் வகுப்பில் நிற்பேன். கல்யாணமானதிலிருந்து ஒன்றாக உட்கார்ந்து பசியாறியதே அபூர்வம். பிறகு விடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றினார்கள். பைத்தியக்காரி, நான் துள்ளிக் குதிக்காத குறைதான்.

அந்த மாதமே அவரைக் கம்பெனியில் ஏதோ பயிற்சிக்கு அனுப்பினார்கள். கோட்டுப் போட்ட எவனோ ஒருவன், வாரம் ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி வாழ்க்கையைத் திட்டமிடுங்கள் என்று ஓதிவிட்டான். மனுஷன் அதையே பிடித்துக்கொண்டார். ஞாயிறு காலை குளித்து, விபூதி பூசி, ஊதுபத்தி ஏற்றி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மதியச் சோற்றுக்குத்தான் தரிசனம். வாழ்க்கையைத் திட்டமிடுகிறாராம்! குளியலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்த வக்கில்லை.

இந்த லட்சணத்தில் எனக்கு மெர்சிங் தமிழ்ப்பள்ளி ஒன்றில் துணைத் தலைமையாசிரியை வேலை வந்தது. போனால் அங்கேயே தங்க வேண்டும், வார இறுதியில்தான் தம்போயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர முடியும். ஒரு வாரத்தில் பதில் கேட்டார்கள். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேண்டாமென்று சொல்லிவிடுவேன். போயும் போயும் இந்த ஆளின் வார்த்தைக்கு ஏங்கினேன் பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு.

அன்றைக்கே கேட்டேன்.

"சிங்கப்பூர்ப் பாலத்துல ஜேம், செத்துப் போய் வந்திருக்கேன். ஞாயித்துக்கிழமை யோசிப்போம் லா."

வியாழக்கிழமையும் அதே பாட்டு.

ஞாயிறும் வந்தது. தோசையை அடுப்பில் விட்டுவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்னங்க, மெர்சிங் விஷயம். நாளைக்குப் பதில் சொல்லணும்."

"அலமாக், வாசுகி! குடும்பத்தப் பத்தித்தான் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். நடுவுல வந்து டிஸ்டர்ப் பண்ணாத லா."

குடும்பம் கதவுக்கு வெளியே தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது. முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. தோசை கருகுவதற்குள் இரண்டையும் முடித்துக்கொண்டு, வருகிறேன் என்று மெர்சிங்குக்குச் செய்தி அனுப்பினேன். எனக்கு யோசிக்க ஊதுபத்தி தேவைப்படவில்லை.

மதியம் ஞானம் பெற்ற முகத்தோடு வெளியே வந்தார்.

"வாசுகி, முடிவு பண்ணிட்டேன். இனிமே ஓவர்டைம் கிடையாது, வேல முடிஞ்சதும் நேரா வீடுதான். தெனமும் ராத்திரி நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறோம். இதான் மொத திட்டம்."

"நல்ல திட்டம். நான் மெர்சிங் போறேங்க. பதில் அனுப்பிட்டேன்."

அவர் முகம் செத்துப்போனது. "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

நான் சோற்றைப் போட்டு ரசத்தை ஊற்றினேன்.

"கேட்டேங்க. நீங்கதான் குடும்பத்தப் பத்தி யோசிச்சுக்கிட்டு இருந்தீங்க."