கிரகணத்து மச்சம்

ஐம்பத்தாறாம் வருஷம் பங்குனியில் சின்னப்பொண்ணுக்கு இடது தொடை மூன்றாம் முறையாக ஒடிந்தது. வயது ஆறு. கட்டுப்போடும் வைத்தியர் கையை விரித்துவிட, பூவம்மாளும் கலியனும் கும்மிடிப்பூண்டியில் ரயிலேறி மகளைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள்.

குழந்தையின் முதுகில் ஒரு பாதியோடு நின்ற பழுப்புத் திட்டை டாக்டரம்மா தொட்டுப் பார்த்தாள். "இது என்ன?"

"கிரகணத்து மச்சம்மா," கலியன் முந்திக்கொண்டான். "புள்ளைய வயித்துல வெச்சிக்கினு, கிரகணம் புடிச்ச நேரத்துல அருவாமனையில குந்திட்டா. எல்லாம் இவளால வந்த வெனை."

பூவம்மாளுக்கு இது புதிதல்ல. ஆறு வருஷமாக இதே பாட்டுதான். எலும்பு ஒடிந்தாலும் அவள்தான், மழை பொய்த்தாலும் அவள்தான்.

"வேறு ஏதாவது உண்டா?" டாக்டரம்மா கேட்டாள்.

உண்டு. மாசியிலிருந்து குழந்தைக்குத் தீட்டு வருகிறது. துணியை ஏரியில் ஆளில்லாத பக்கமாய்த் துவைத்து, கலியன் கேட்டால் முட்டிச் சிராய்ப்பு என்று சமாளித்தாள். தெரிந்தால் தாய்மாமன் சடையப்பன் பச்சை ஓலையோடு குடிசை கட்ட வந்துவிடுவான். அதில் உட்கார்ந்து எழுந்தவளை அப்புறம் யாரும் குழந்தை என்று சொல்ல மாட்டார்கள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றாள்.

டாக்டரம்மா மாவுக்கட்டுக்குச் சீட்டு எழுதத் தொடங்கினாள். சின்னப்பொண்ணு வலி பொறுக்காமல் அம்மாவின் விரலைக் கடித்தாள். மூன்று தடவையும் அதே விரல். பூவம்மாளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"இருங்கம்மா. கொயந்த தலைக்கு ஊத்திக்கிது. நாந்தான் மறைச்சிட்டேன்."

"இன்னாடி சொல்ற?" கலியன் எகிறினான்.

டாக்டரம்மா அவனைக் கையமர்த்தினாள். எலும்பு, மச்சம், தீட்டு மூன்றும் ஒரே நோய், வெகு அபூர்வமானது, கருவிலேயே வந்தது என்றாள். கிரகணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சடங்கு கிடங்கு என்று கிளம்பாதீர்கள். குணமாக்க மருந்து கிடையாது, விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலியன் தரையைப் பார்த்தபடி நின்றான். "அன்னிக்கிப் பசி தாங்காம மீனை அறுன்னதே நாந்தாம்மா," என்றான்.

ஆறு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. வந்தபோது பூவம்மாளுக்கு இனிக்கவில்லை, அழுகைதான் வந்தது. குற்றம் தன்னுடையதாக இருந்தவரை, பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, வேப்பிலையைச் சேலையாகக் கட்டித் தீர்த்துவிடலாம் என்றிருந்தாள். இனி எந்தச் சாமியிடம் போய் எந்தத் தப்பை ஒப்புக்கொள்வாள்?