கேட் பக்கத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட்

மகள் அலுவலகத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொள்வதற்குக் காரணம் தங்கள் கார்தான் என்று தையல்காரி முடிவு கட்டிவிட்டாள். ஒரு மாதமாக இந்தக் கூத்து. அதற்கு முன்பெல்லாம் கேட் வாசலில்தான் இறங்குவாள். ஏன் என்று தாய் கேட்கவில்லை, மகளும் சொல்லவில்லை. கறிவேப்பிலை வாங்கியாச்சா என்று பத்துத் தடவை கேட்கிற வீடு அது. கேட்க வேண்டியதை மட்டும் கேட்காது.

கார் லட்சணமும் அப்படித்தான் இருந்தது. ஒரு காலத்தில் நல்ல நீலம். வெயிலில் நின்று நின்று, துவைத்துத் துவைத்துச் சாயம்போன சட்டை மாதிரி வெளுத்துவிட்டது. கதவுகளில் மேல்பூச்சு தோலுரிந்து, தொட்டால் கையோடு வந்தது. ஊருக்கெல்லாம் பளிச்சென்று தைத்துக் கொடுப்பவள், பெற்ற பெண்ணை இதிலா கொண்டுபோய் இறக்குவது? நினைக்க நினைக்க அவளுக்கு மானம் போயிற்று.

வெள்ளிக்கிழமை மாலை மகள் இரண்டு நாள் தங்கத் தோழி வீட்டுக்குப் போனதும், வண்டியை நேராகத் தம்பியின் பெயிண்ட் ஷெட்டுக்கு ஓட்டினாள்.

"திங்கட்கிழமை காலைல வண்டி வேணும்டா."

"இது என்ன சட்டையாக்கா, ஒரே மூச்சுல தச்சுக் குடுக்க? தேய்க்கணும், ப்ரைமர் அடிக்கணும், காயணும். அதுக்குள்ள ஒரு பக்கம்தான் முடியும்."

அவள் யோசித்தாள். கேட் இருப்பது இடது கைப்பக்கம். அங்கே நிற்கிறவர்கள் கண்ணில் படப்போவதும் இடது பக்கம்தானே?

"அப்போ இடது பக்கத்தை மட்டும் அடி."

தம்பி வாயைப் பிளந்தான். "பாதி மூஞ்சிக்குப் பவுடர் போட்ட மாதிரி இருக்கும்க்கா. என் பேரும் சேர்ந்து கெடும்."

"மத்த பாதியை யார் பார்க்கப் போறா? பேசாம வேலையைப் பாரு."

பெட்ரோல் மூடிக்கு உள்ளே, வெயில் படாத இடத்தில், பழைய நீலம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்துத் தம்பி நிறம் கலந்தான். அவள் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துக் கதவைத் தேய்த்தாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது.

திங்கட்கிழமை, புது நீலம் வாசலைப் பார்க்கும்படி வண்டியை நிறுத்தியிருந்தாள். மகளின் முகம் மலரும் என்று பார்த்தால், வெளிறிப்போனது.

"எதுக்கும்மா இப்போ இது?"

"சும்மாதான். ஏறு."

வழக்கமாக இறங்கும் முனை வந்தது. வண்டி நிற்கவில்லை.

"அம்மா, இங்கயே நிறுத்து. அம்மா!"

"ஏன், இப்போ வண்டிக்கு என்ன குறைச்சல்?"

கேட் முன்னால்தான் பிரேக் போட்டாள். வாட்ச்மேன் குனிந்து மகளைப் பார்த்தார்.

"வாங்க மேடம். ஏதாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா? உங்க சீட்டுக்கு வேற ஆள் வந்தாச்சே."

அவர் கேட் பக்கம் திரும்பிப் போனார்.

"போன மாசமே வேலையை விட்டு அனுப்பிட்டாங்கம்மா," என்றாள் மகள். "வேற கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"அப்போ தினமும் எங்கடி போற?"

"லைப்ரரிக்கு. அங்க உட்கார்ந்து வேலை தேடறேன்."

தையல்காரி நாலு வார்த்தை திட்டத்தான் வாயெடுத்தாள். பெண் இத்தனை நாளும் இதைத் தனியாகச் சுமந்திருக்க, தான் பெயிண்டைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறோமே என்று அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்பினாள். கேட் இப்போது வலது பக்கம் வந்தது. வாட்ச்மேன் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் ஏம்மா அப்படிப் பார்க்கறார்?"

"அந்தப் பக்கம் பெயிண்ட் அடிக்கல. நீ இறங்கறப்போ உங்க ஆபீஸ்காரங்களுக்குத் தெரியற பக்கம் மட்டும்தான் அடிச்சேன்."

மகள் ஒரு கணம் அம்மாவையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. தையல்காரி ஒரு கையால் அவள் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

"உப்புத்தாள் புடிக்கத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

"கத்துக்கோ. இப்போ மாமா ஷெட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைத் தேய்ப்போம். மத்தியானம் லைப்ரரில கொண்டுபோய் விடறேன். வாசல்லயே."