கறவை நேரத்துக் கதை

மனைவி நூர்ஜாத்தின் பூப்போட்ட கோட்டுக்குள் என் தோள் நுழைய மறுத்தது. அவள் பின்னாலிருந்து இடது கையால் இழுத்துவிட்டாள். காலையில் ஒரு குட்டி கயிற்றை வெடுக்கென்று இழுத்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு வீங்கிப்போயிருந்தது. பெட்டைக் குதிரைகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறந்தே ஆக வேண்டும். சாம்பல் குதிரையோ அவள் கோட்டு வாசனைக்குத்தான் பால் விடும். ஆண் குரல் கேட்டால் பாலை அடக்கிக்கொண்டு உதைக்கும்.

"தலைத்துணியையும் கட்டிக்குங்க. அப்பதான் லட்சணமா இருக்கும்."

"பக்கத்துக் கூடாரத்துக்காரன் பாத்தா சிரிப்பான்டி."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க வாயை மட்டும் தெறக்காதீங்க."

அதை அவள் குதிரைக்காக மட்டும் சொல்லவில்லை. எங்கள் மகள் பெகாயிமுக்குப் பத்து வயது. பேச்சு திக்கும். அவள் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு தவிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது; நானே முடித்துவிடுவேன். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். போன குளிர்காலத்தில் அடுப்பருகே மூவரும் சேர்ந்து படித்தபோது, ஒரே பக்கத்தில் ஏழெட்டுச் சொற்களை முடித்துவைத்தேன். அவள் புத்தகத்தை மூடினாள். அதற்குப் பிறகு என் முன்னால் அவள் எதையும் வாய்விட்டுப் படித்ததில்லை.

கோடை மேய்ச்சலுக்கு வந்ததும், மகளைப் படிக்கவைக்க நூர்ஜாத் ஒரு வழி கண்டுபிடித்தாள். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் இழுத்து, தாயின் பக்கத்திலேயே யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த வேலையை மகளுக்குக் கொடுத்தாள். கூடவே வாய்விட்டுப் படிக்கப் பள்ளி நூலகப் புத்தகத்தையும். பெகாயிம் திக்கி நின்றால் நூர்ஜாத் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள், தன் பாட்டுக்குக் கறந்துகொண்டிருப்பாள். கூடாரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று எத்தனை நாள் கேட்டிருக்கிறேன்! இவ்வளவு பொறுமை இவளுக்கு எங்கிருந்து வந்தது? பன்னிரண்டு வருஷமாக என்னைச் சகித்ததில் வந்திருக்கலாம்.

இன்றைக்கு மகள் என் முன்னால் படிப்பாளா என்பதுதான் என் கவலை. மண்டியிட்டு, வாளியைத் தொடையில் வைத்துக்கொண்டேன். பெகாயிம் குட்டியின் கழுத்தை ஒரு கையால் கட்டிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். நான் வாயைத் திறக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். மெதுவாகப் புத்தகத்தைப் பிரித்தாள்.

பனியில் வழிதவறிய ஓர் அஞ்சல்காரரின் கதை. இரண்டு பக்கம் தடுமாறித் தடுமாறி நகர்ந்தது. கடைசியில் அவர் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தார்.

"அவர் க... கதவைத் த... த..."

தட்டினார்! சொல் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. சாம்பல் குதிரை காதை என் பக்கம் திருப்பியது. பல்லைக் கடித்தேன். மகளின் முகம் சிவந்தது, கண்ணை மூடிக்கொண்டாள். நான் கறந்தேன். வாளிக்குள் பால் விழும் சத்தம் மட்டும்தான். எத்தனை பீச்சு என்று தெரியவில்லை, எனக்கு அது ஒரு முழுக் கோடைக்காலம்.

"த... தட்டாமலே நின்றுகொண்டிருந்தார்."

என் கை நின்றுவிட்டது. இத்தனை நாளும் இப்படி எத்தனை சொற்களைத் தப்பாக முடித்துவைத்தேனோ!

"அப்பா, கற," என்றாள் பெகாயிம், தாளிலிருந்து கண்ணெடுக்காமல். பக்கத்தைப் புரட்டினாள். "அடுத்த கறவைக்கும் இந்தக் கோட்டையே போட்டுக்கிட்டு வா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். தலைத்துணி நழுவிக் கண்ணை மறைத்தது. அதைச் சரிசெய்யக் கை ஒழியவில்லை.